நூறு ரிவ்யூ வேண்டாம், இருபத்து நான்கு போதும்

இந்தக் கேள்வியைக் கேட்டவர் தஞ்சாவூரில் ஏ.சி., வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் தொழில் செய்கிறார். கூட இரண்டு பையன்கள் வேலை பார்க்கிறார்கள். கூகுள் மேப்பில் அவர் கடைக்கு 20 ரிவ்யூ இருக்கிறது, சராசரி 3.9. அதில் இரண்டு பேர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர், "இரண்டு நாள் காத்திருக்க வைத்தார்கள், போனை எடுக்கவில்லை" என்று எழுதியிருக்கிறார். இன்னொருவர், "ஏ.சி.க்கு கேஸ் (குளிர்விக்கும் வாயு) போட்டுப் பத்தே நாளில் மறுபடியும் குளிர் இல்லை" என்கிறார். இந்த நேரத்தில் ஒரு ஆள் போன் செய்து, பணம் கொடுத்தால் ஒரு வாரத்தில் நூறு ஐந்து நட்சத்திர ரிவ்யூ ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா, வாங்காவிட்டால் என்ன வழி, அந்த இரண்டையும் நீக்க முடியுமா என்பது கேள்வி.

தம்பி, வாங்காதீர்கள். நான் திருச்சியில் இதே தொழிலில் பதினேழு வருடமாக இருக்கிறேன். இப்போது எனக்கு வரும் புது அழைப்புகளில் பெரும்பகுதி கூகுள் மேப்பைப் பார்த்துத்தான் வருகிறது. அதனால் ரிவ்யூவை அலட்சியம் செய்யச் சொல்ல மாட்டேன். கடைக்குப் போர்டு வைப்பதைவிட அது இன்று முக்கியம் என்றே நினைக்கிறேன். அதனால்தான் அதில் கலப்படம் செய்ய வேண்டாம் என்கிறேன்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். காசு, தள்ளுபடி, இலவசப் பொருள் எதையாவது கொடுத்து ரிவ்யூ வாங்குவதை கூகுள் தடை செய்திருக்கிறது. கடைக்காரரோ அவரிடம் வேலை பார்ப்பவரோ தங்கள் கடைக்குத் தாங்களே எழுதுவதும் கூடாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் விதிமீறிய 17 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைத் தடுத்ததாகவும் நீக்கியதாகவும் கூகுள் சொன்னது. போலி என்று தெரிந்தால் அந்த ரிவ்யூவை எடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுவதில்லை. அந்தக் கடைக்குச் சில காலம் புது ரிவ்யூ வராமல் நிறுத்தலாம். இருக்கிற ரிவ்யூக்களை மறைத்து வைக்கலாம். போலி ரிவ்யூக்கள் நீக்கப்பட்டன என்று கடையின் பக்கத்திலேயே எச்சரிக்கை போடலாம். சித்திரை வெயிலில் நாலு காசு பார்க்கிற நேரத்தில் உங்கள் பெயருக்கு மேலே அந்த எச்சரிக்கை நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போனில் பேசிய ஆள் அதற்குள் வேறு ஊர்க் கடைக்காரரிடம் பேசிக்கொண்டிருப்பார்.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு தர விதி வந்துவிட்டது. இந்திய தர நிர்ணய அமைவனம் வகுத்த ஐ.எஸ். 19000:2022 என்ற விதியை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 நவம்பரில் வெளியிட்டது. விலைக்கு வாங்கிய ரிவ்யூவையும், அதற்கென்றே ஆள் வைத்து எழுதிய ரிவ்யூவையும் வெளியிடக் கூடாது என்கிறது அது. ரிவ்யூ வெளியிடும் நிறுவனங்கள் தாமாக ஏற்றுக்கொள்ளும் விதியாகத்தான் அது இப்போதைக்கு இருக்கிறது. ஆனாலும் வாடிக்கையாளரை ஏமாற்றுவதைத் தடுக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பக்கத்திலேயே இருக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

விதியை விடுங்கள். தஞ்சாவூர் நாஞ்சிக்கோட்டை சாலையில் ஒரு வீட்டில் ஏ.சி. நின்றுவிட்டது. அந்த வீட்டு அம்மா போனை எடுத்துத் தேடுகிறார். உங்கள் பக்கத்தைத் திறந்தால் ஒரே வாரத்தில் நூறு பேர் எழுதியிருக்கிறார்கள். எல்லாம் "நல்ல சேவை", "மிகச் சிறந்த சேவை" என்று ஒரே அச்சில் வார்த்த மாதிரி. எழுதியவர்களின் பெயரைத் தட்டினால், அதே நாளில் ஜெய்ப்பூரில் ஒரு பல் மருத்துவமனைக்கும் லூதியானாவில் ஒரு டைல்ஸ் கடைக்கும் ஐந்து நட்சத்திரம் கொடுத்திருக்கிறார்கள். இன்று ஒரு சேலை வாங்கவே பத்து ரிவ்யூ படிக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஒரு நிமிடம் போதும்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். இதைத்தான் நீங்கள் முதலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். 20 ரிவ்யூ, சராசரி 3.9 என்றால் மொத்தம் 78 நட்சத்திரம். சராசரி 4.5 ஆக எத்தனை ஐந்து நட்சத்திரம் வேண்டும்? 24. மொத்தம் 44 ரிவ்யூ, 198 நட்சத்திரம், வகுத்தால் சரியாக 4.5 வரும். நூறு வேண்டியதே இல்லை. உங்கள் கையில் ஏற்கெனவே வேலை செய்துகொடுத்த வீடுகள் எத்தனை இருக்கின்றன! உங்கள் பழைய பில் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள்.

ஐந்துக்கு ஐந்து என்ற ஆசையையும் விட்டுவிடுங்கள். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் ஸ்பீகல் ஆராய்ச்சி மையம் 2017இல் இதை ஆராய்ந்தது. பொருள் வாங்கும் வாய்ப்பு 4.0க்கும் 4.7க்கும் இடையில்தான் உச்சத்தைத் தொடுகிறது, ஐந்தை நெருங்கும்போது குறைகிறது என்று கண்டார்கள். அது கடைப் பொருள்களைப் பற்றிய ஆய்வு, நம் தொழில் வேறு. ஆனாலும் என் அனுபவம் அதோடு ஒத்துப்போகிறது. ஒரு குறைகூட இல்லாத கடையை மக்கள் நம்புவதில்லை.

இன்னொரு ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஹார்வர்டில் மைக்கேல் லூக்கா என்பவர் 2011இல் சியாட்டில் நகரத்து உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் தளத்தில் அவற்றுக்குக் கிடைத்த மதிப்பீட்டையும் வைத்துச் செய்தது. ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் வரை கூடுகிறது என்று அவர் கண்டார். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்கு நட்சத்திரத்தால் ஏதும் ஆகவில்லை, பயன் முழுவதும் தனிக்கடைகளுக்குத்தான். காரணம் எளிது. பெரிய பெயரை எல்லோருக்கும் முன்பே தெரியும், தனிக்கடையைத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் அடுத்தவர் சொல்லுக்கு மதிப்பு. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு எதிரில் நிற்கும் உங்களுக்கும் எனக்கும் இதைவிட நல்ல செய்தி இல்லை.

கூகுள் யாரை மேலே காட்டுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று விஷயங்களைப் பார்ப்பதாக அவர்களே சொல்கிறார்கள்: தேடியதற்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தூரம், கடை எடுத்திருக்கும் நல்ல பேர். ரிவ்யூ எத்தனை, சராசரி என்ன என்பது இந்த மூன்றாவதில் சேர்கிறது. தூரத்தை யாரும் மாற்ற முடியாது. கரந்தையில் கடை வைத்துக்கொண்டு வல்லத்தில் தேடுகிறவருக்கு முதலில் தெரிய வேண்டும் என்று அலையாதீர்கள். பொருத்தத்துக்குச் செய்ய வேண்டியது ஒரு மணி நேர வேலைதான். கடையின் வகையைச் சரியாகக் கொடுங்கள், திறக்கும் நேரத்தைச் சரியாகப் போடுங்கள், உங்கள் பையன்கள் உண்மையில் வேலை செய்கிற படங்களை ஏற்றுங்கள். கடைப் பெயரோடு "தஞ்சாவூரின் நம்பர் ஒன் ஏ.சி. சர்வீஸ்" என்றெல்லாம் ஒட்டாதீர்கள், அதுவும் விதிமீறல்தான். வீட்டிலிருந்தே தொழில் செய்தால் முகவரியை மறைத்துவிட்டு, போகிற பகுதிகளை மட்டும் காட்ட வசதி இருக்கிறது.

மிச்சம் ரிவ்யூதான். அதை எப்படிக் கேட்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வேலை முடிந்து நான்கு நாள் கழித்துக் கடையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "சார், ரிவ்யூ போடுங்கள்" என்பார். அவருக்கு அப்போது ஏ.சி. ஞாபகமே இருக்காது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருப்பார்.

கேட்க வேண்டிய நேரம் ஒன்று இருக்கிறது. நம் தொழிலில் அது மிகத் தெளிவாகத் தெரியும். இன்டோர் யூனிட்டின் மூடியைக் கழற்றி ஜெட் பம்பால் உள்ளே குளிர்விக்கும் காயிலைக் கழுவும்போது கீழே வாளியில் கன்னங்கரேல் என்று தண்ணீர் இறங்கும். எங்கள் பையன்களுக்கு நான் சொல்லிவைத்திருப்பது இதுதான்: அந்த வாளியை உடனே குளியலறையில் கொட்டாதே, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டு. அதைப் பார்த்த முகத்தில் ஒரு திகைப்பு வரும். "இதையா இத்தனை நாள் சுவாசித்தோம்?" என்பார்கள். பிறகு எல்லாவற்றையும் மாட்டி, தரையைத் துடைத்து, ஏ.சி.யைப் போட்டு, பத்து நிமிடம் ஓடவிட்டு, "அம்மா, வந்து கையை வைத்துப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்றில் கையை வைத்துக்கொண்டு அவர் நிற்கிறாரே, அதுதான் நேரம். பணம் வாங்குவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும். பணம் கைமாறிவிட்டால் இரண்டு பேருக்கும் காரியம் முடிந்துவிட்டது என்ற எண்ணம் வந்துவிடும்.

கேட்க வேண்டியவரும் வேலை செய்த பையன்தான், முதலாளி இல்லை. வியர்த்து நிற்கிற பையன் கேட்டால் மறுக்க மனம் வராது. என்ன கேட்பது? "ஐந்து நட்சத்திரம் போடுங்கள்" என்று கேட்கவே கூடாது. எங்கள் பையன்கள் கேட்பது இப்படி: "அம்மா, எங்களைத் தெரியாதவர்கள் கூகுளில் பார்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். இன்று என்ன கோளாறு இருந்தது, நாங்கள் என்ன செய்தோம் என்று இரண்டு வரி எழுதினால் அவர்களுக்கு உதவும். குறை இருந்தால் அதையும் எழுதுங்கள்." பிறகு விசிட்டிங் கார்டைக் கொடுப்பார்கள். பின்பக்கம் க்யூ.ஆர். குறியீடு அச்சடித்திருக்கிறது, போன் கேமராவைக் காட்டினால் நேராக ரிவ்யூ எழுதும் இடத்துக்குப் போகும். கூகுளில் உங்கள் கடைக் கணக்கிலேயே இந்தக் குறியீடும் இணைப்பும் இலவசமாகக் கிடைக்கும். அன்று மாலை பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதே இணைப்பை ஒருமுறை சேர்த்து அனுப்புங்கள். இரண்டாம் முறை கேட்காதீர்கள். வீட்டுக்குள் விட்ட மனிதரைத் துரத்தக் கூடாது.

தமிழில் எழுதலாம் என்பதைச் சொல்லிவிடுங்கள். நிறையப் பேர் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று தயங்கி, "குட்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிடுகிறார்கள். கீபோர்டில் மைக்கைத் தொட்டுத் தமிழில் பேசினாலே எழுத்தாக விழும் என்று காட்டிக்கொடுத்தால் வயதானவர்கள்கூட நாலு வரி சொல்வார்கள். என் கடைக்கு வந்த நல்ல ரிவ்யூக்களில் பாதி ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் அப்படிப் பேசிப் பதிந்தவை. ஆனால் அவர்கள் போனை வாங்கி நீங்களே தட்டிக் கொடுக்காதீர்கள். உதவி மாதிரித் தெரியும். எழுதுவது அவர் சொல் இல்லை, உங்கள் சொல் ஆகிவிடும்.

சந்தோஷமாக இருப்பவரிடம் மட்டும் கேட்டு, முகம் சுளித்தவரிடம் கேட்காமல் நழுவுவது பல கடைகளில் வழக்கம். கூகுள் விதிப்படி அதுவும் தவறுதான், ஆள் பார்த்துக் கேட்கக் கூடாது. விதி இல்லாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். காரணம் கீழே வருகிறது.

ஐந்து நட்சத்திரத்துக்கு இவ்வளவு என்று பையன்களுக்கு ஊக்கத்தொகை வைக்கவும் வேண்டாம். ஒரு கோடையில் நான் அதைச் செய்து பார்த்தேன். இரண்டே வாரத்தில் பையன்கள் வேலையை விட்டுவிட்டு நட்சத்திரத்துக்குக் கெஞ்ச ஆரம்பித்தார்கள். கே.கே. நகரில் ஒரு வாடிக்கையாளர், "போடும் வரை தம்பி வாசலைவிட்டுப் போகவில்லை" என்று எனக்கே போன் செய்து சொன்னார். அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது ரிவ்யூவில் யார் பெயராவது வந்தால், காலையில் வண்டி எடுப்பதற்கு முன் எல்லோர் முன்னும் அதைப் படித்துக் காட்டுகிறேன். அவ்வளவுதான். அந்த இரண்டு வரியை அம்மாவுக்குக் காட்ட வேண்டும் என்று போனில் படம் எடுத்துக்கொண்டு போகிற பையன் என்னிடம் இருக்கிறான்.

என்ன எழுதுகிறார்கள் என்பதில்தான் வியாபாரம் இருக்கிறது. "சூப்பர் சர்வீஸ்" என்று இருபது பேர் எழுதுவதைவிட, "வாஷிங் மெஷின் சுற்றும்போது லாரி போகிற மாதிரிச் சத்தம் வந்தது, பேரிங் போய்விட்டது என்று கழற்றிக் காட்டினார்கள், சொன்ன தொகைக்கு மேல் வாங்கவில்லை" என்று ஒருவர் எழுதுவது பல மடங்கு பெறும். அதே சத்தத்தோடு மெஷின் வைத்திருக்கிற இன்னொருவர் தேடும்போது, கூகுள் சில நேரம் அந்த வரியையே எடுத்து உங்கள் கடைப் பெயருக்குக் கீழே காட்டும். தன் வீட்டுக் கோளாறை அடுத்தவர் வாயால் படிக்கிறவர் நேராகப் போனை எடுப்பார். அதனால்தான் "என்ன கோளாறு இருந்தது என்று எழுதுங்கள்" என்று கேட்கச் சொல்கிறேன்.

இப்போது கெட்ட ரிவ்யூ. நீக்க முடியுமா என்று கேட்டீர்கள். வசைச்சொல், வேறு கடைக்குப் போட வேண்டியதை மாற்றிப் போட்டது, போட்டிக் கடைக்காரர் போட்டது, வேலையே செய்யாத வீட்டிலிருந்து வந்தது போன்றவற்றை கூகுளிடம் புகார் செய்யலாம். விதிமீறல் என்று பட்டால் எடுப்பார்கள். நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காகவோ, இரண்டு தரப்பும் வேறு வேறு சொல்கிறார்கள் என்பதற்காகவோ எடுக்க மாட்டார்கள். உங்கள் இரண்டும் அந்த வகை. எழுதியவர்களை வக்கீல் நோட்டீஸ் அனுப்புவேன் என்று மிரட்டினால், அந்த மிரட்டலையும் சேர்த்து ரிவ்யூவில் போட்டுவிடுவார்கள். நீக்குகிற எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் கத்திரி வெயிலில், உறையூரில் ஒரு வீடு. என் பையன் ஜெட் பம்ப் அடிக்கும்போது இன்டோர் யூனிட்டைச் சுற்றிக் கட்டும் பையைச் சரியாகக் கட்டவில்லை. புதிதாக வெள்ளையடித்த சுவரில் கறுப்புத் தண்ணீர் ஒரு முழத்துக்கு வழிந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்து அதை இரண்டு முழமாக்கிவிட்டான். இன்னும் மூன்று வீடு பாக்கி இருந்ததால், "தானாகக் காய்ந்துவிடும் அம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். இரவு பதினோரு மணிக்கு ரிவ்யூ வந்தது. ஒற்றை நட்சத்திரம். "குளிர் வந்தது. சுவர் போனது. காய்ந்துவிடும் என்றார்கள். காயவில்லை."

காலையில் காப்பி குடித்துக்கொண்டே அதைப் படித்தேன். கோபம் தலைக்கேறியது. அன்று அந்த வீட்டுக்கு முறை இல்லாமலேயே, அவசரம் என்றதால் ஆள் அனுப்பியிருந்தேன். "அவசரம் என்றதும் வந்து வேலை பார்த்துக் கொடுத்ததற்கு இதுதான் பரிசா" என்று நீளமாக ஒரு பதில் தட்டிவிட்டேன். கடைக் கணக்கு பார்ப்பது என் மனைவி. அனுப்புவதற்கு முன் அவர் வாங்கிப் படித்தார். "இதை அந்த அம்மா படிப்பதற்கு முன்னால், நம்மைக் கூப்பிடலாமா என்று யோசிக்கிற பத்துப் பேர் படிப்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார். அழித்துவிட்டேன்.

ஒன்பது மணிக்கு ஒரு பெயின்டரை அழைத்துக்கொண்டு நானே போனேன். அந்த அம்மா சுவருக்கு அடித்தபோது மிஞ்சிய பெயின்டைப் பரணில் வைத்திருந்தார், நிறம் மாறாமல் இருக்க அதையே வாங்கி அடித்தோம். இரண்டு கோட். காயும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பையனும் வந்து மன்னிப்புக் கேட்டான். ரிவ்யூவைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அதை மாற்றச் சொல்லிக் கேட்கவும் இல்லை. மாற்றினால் பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்பது போன்ற பேரம் பேசுவது விதிப்படியும் தவறு, மரியாதையும் இல்லை. கடைக்குத் திரும்பியதும் ரிவ்யூவுக்குக் கீழே இவ்வளவுதான் எழுதினேன்: "அம்மா, பையைச் சரியாகக் கட்டாதது எங்கள் தவறு. காய்ந்துவிடும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியது அதைவிடப் பெரிய தவறு. இன்று காலை சுவரைச் சரிசெய்துவிட்டோம். இனி எந்த வீட்டிலும் சுவரில் பிளாஸ்டிக் விரிப்பு ஒட்டாமல் தண்ணீர் அடிக்க மாட்டோம்."

எட்டு நாள் கழித்து அந்த ஒற்றை நட்சத்திரம் நான்காகியிருந்தது. "சுவரைக் கெடுத்தார்கள். மறுநாளே முதலாளி பெயின்டரோடு வந்து காயும் வரை உட்கார்ந்திருந்தார்" என்று எழுதியிருந்தார். அந்த வருடம் முழுவதும் புது வாடிக்கையாளர்கள், "சுவருக்குப் பெயின்ட் அடித்துக் கொடுத்த கடைதானே?" என்று கேட்டுக்கொண்டு போன் செய்தார்கள். என்னிடம் இருக்கும் எந்த ஐந்து நட்சத்திரமும் எனக்கு அவ்வளவு வேலை கொண்டுவந்ததில்லை. தப்பு நடக்காத கடை எதுவும் இல்லை என்று மக்களுக்குத் தெரியும். நடந்த பிறகு நாம் என்ன செய்வோம் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது, அதைத்தான் ரிவ்யூவில் தேடுகிறார்கள்.

பதில் எழுதும்போது ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வாடிக்கையாளரின் தெரு, வீட்டு எண், போன் எண், என்ன தொகை பாக்கி வைத்தார் என்பதெல்லாம் அங்கே வரக் கூடாது. எவ்வளவு கோபம் இருந்தாலும் கூடாது.

ஆள் பார்த்துக் கேட்க மாட்டேன் என்றேனே, அதன் காரணம் இதுதான். வருடத்துக்கு இரண்டு முறை, என் கடை ரிவ்யூ எல்லாவற்றையும் ஒரே மூச்சில் உட்கார்ந்து படிப்பேன். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். முதல் முறை அப்படிப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையில் குறை சொன்னவர்கள் மிகக் குறைவு. சொன்ன நேரத்துக்கு வரவில்லை, வரவில்லை என்பதைச் சொல்லவும் இல்லை என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. நானோ அதுவரை பையன்களுக்கு மெஷின் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு பையனுக்கு இத்தனை வீடு என்று வரம்பு வைத்தேன். அதற்கு மேல் வந்தால், "நாளை மறுநாள்தான் முடியும், அவசரம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவோம். வேலை போகுமே என்று பயமாகத்தான் இருந்தது. பாதிப் பேர் காத்திருந்தார்கள்.

நோட்டில் இரண்டாவதாக நின்றது பயம். "கேஸ் போய்விட்டது என்று சொல்லி ஏமாற்றவில்லை" என்று பாராட்டி எழுதியிருந்தார்கள். இந்தப் பாராட்டில் நம் தொழிலுக்கே அவமானம் இருக்கிறது. ஏ.சி.யின் கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது. எங்காவது கசிந்தால் ஒழிய அது குறையாது. வருடா வருடம் போட வேண்டிய பொருள் இல்லை. ஆனால் மோட்டாரை ஓடவைக்கும் கெபாசிட்டர் போனாலும் குளிர் நின்றுவிடும், பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். சில நூறு ரூபாயில் முடிகிற கெபாசிட்டரை மாற்றிவிட்டு, கேஸ் போட்டதாக ஆயிரக்கணக்கில் வாங்குகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மக்களுக்கு அந்த அச்சம் இருக்கிறது என்று ரிவ்யூதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. இப்போது பழைய கெபாசிட்டரைக் கழற்றியதும் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுகிறோம். தலை உப்பியிருப்பதை அவரே தடவிப் பார்ப்பார். கேஸ் பார்க்க வேண்டுமென்றால், அழுத்தம் காட்டும் கேஜை மாட்டி முள் எங்கே நிற்கிறது, எங்கே நிற்க வேண்டும் என்று காட்டிய பிறகுதான் தொகையைச் சொல்கிறோம். இதைப் பற்றி வாடிக்கையாளர்கள் தாமாகவே எழுதுகிறார்கள். இந்தப் பழக்கத்தை உங்கள் கடையில் கொண்டுவந்தாலே ரிவ்யூவின் தரம் மாறும்.

ஜஸ்ட் டயல், சுலேகா போன்ற இடங்களில் தனியாக மதிப்பீடு இருக்கிறது. அங்கே பணம் கட்டி அழைப்பு வாங்குகிறவர் என்றால் அவற்றையும் கவனியுங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு இடம் போதும். இன்று நீங்கள் கூகுளில் கை வையுங்கள்.

இப்போது உங்கள் கணக்குக்குத் திரும்புகிறேன். அந்த இரண்டு ஒற்றை நட்சத்திரக்காரர்களும் மனம் மாறி நான்கு கொடுத்தால், 20 ரிவ்யூவின் மொத்தம் 78இலிருந்து 84 ஆகும், சராசரி 4.2. அதற்குப் பிறகு 4.5ஐத் தொட 24 வேண்டாம், 12 போதும். அவர்கள் மாற்றுவார்கள் என்று எந்த உறுதியும் இல்லை. மாற்றாவிட்டாலும் உங்கள் பதில் அங்கே நிற்கும். இப்போது தை மாதம், நம் தொழிலுக்கு ஓய்வான காலம். மாதம் ஐம்பது வீடு பார்த்தாலும், எல்லோரிடமும் கேட்டு ஐந்தில் ஒருவர் எழுதினால் மாதம் பத்து. நடுவில் நாலும் மூன்றும் வரத்தான் செய்யும், வரட்டும். பங்குனியில் போன் இடைவிடாமல் அடிக்க ஆரம்பிக்கும்போது உங்கள் பக்கம் வேறு மாதிரி இருக்கும்.

முதல் ஆளுக்கு இன்றே பதில் எழுதிவிடுங்கள்: "இரண்டு நாள் காக்க வைத்ததும், போனை எடுக்காததும் எங்கள் தவறு. வர முடியாது என்றால் அதை அன்று காலையிலேயே சொல்லியிருக்க வேண்டும். இனி ஒவ்வொரு நாள் காலை ஒன்பது மணிக்குள் அன்றைய வாடிக்கையாளர் எல்லோருக்கும் போன் செய்து நேரம் சொல்லிவிடுகிறோம்." எழுதினால் நாளை முதல் அதைச் செய்ய வேண்டும். செய்ய முடியாதென்றால் கடைசி வரியை எழுதாதீர்கள்.

இரண்டாவது ஆள் விஷயம் பதில் எழுதுவதில் முடியாது. கேஸ் போட்டுப் பத்து நாளில் குளிர் போனது என்றால், பெரும்பாலும் உங்கள் பையன்கள் கசிவைப் பார்க்காமல் கேஸை மட்டும் ஏற்றியிருப்பார்கள். அவர் எழுதியது சரி. அவருக்குப் போன் செய்து, காசு வேண்டாம், வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு நீங்களே போங்கள், பையனை அனுப்பாதீர்கள். நைட்ரஜன் சிலிண்டரையும் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்க்குள் நைட்ரஜனால் அழுத்தம் ஏற்றிவிட்டு, அவுட்டோர் யூனிட்டில் குழாயை இணைக்கும் ஃபிளேர் நட் இருக்கிற இடத்திலும், சுவரை ஒட்டிக் குழாய் வளைகிற இடத்திலும் சோப்பு நுரையைப் பூசுங்கள். எங்கே குமிழி வருகிறதோ அந்த இடத்தை அவரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். பிறகு சரிசெய்து, புதிதாக கேஸ் ஏற்றிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.